வலை இழுத்த சினிமாப் பாட்டு

போன வாரம் எண்ணூர் போகிற வழியில், கடற்கரை மணலில் உட்கார்ந்து நான் அழுதேன்.

அழ வைத்தது ஒரு சினிமாப் பாட்டு. ஆமாம், நான்தான் சொல்கிறேன். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், 'இந்தக் காலத்துச் சங்கீதத்தைக் கேட்பதைவிடக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்குவது உடம்புக்கு நல்லது' என்று எழுதிய அதே ஆசாமி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கட்டுரை வெளிவந்ததும் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள். பாதிப் பேர் 'பேஷ்' போட்டீர்கள். மீதிப் பாதிப் பேர் எனக்கு வயதாகிவிட்டது என்று தீர்மானம் நிறைவேற்றினீர்கள். எல்லாம் தபாலில் வந்த சமாசாரம். நேரில் வந்து சண்டை போட்டவர் ஒரே ஒருவர்தான் – ஞானமுத்து.

ஞானமுத்துவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. ராயபுரத்தில் என் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளிக் கயிற்று மண்டி வைத்திருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்னைக்கு வந்து வருஷக்கணக்காகியும் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் ஞானப்பாட்டு, மாலையில் சினிமாக் கொட்டகை. இரண்டையும் ஒரே பக்தியோடு செய்கிற மனிதர்.

அன்றைக்கு மடித்த பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"என்ன வே இது? இப்ப வார பாட்டெல்லாம் பாட்டே இல்லைன்னு எழுதியிருக்கீரு?"

"இல்லைதானே?"

"நீரு எங்க ஒக்காந்து கேட்டீரு?"

"டீக்கடை ரேடியோவில்தான். வேறெங்கே கேட்பது? தெருவில் நடந்தாலே வந்து காதில் விழுகிறதே."

"அதான பாத்தேன். சும்மா ஒக்காந்து கேட்டா எந்தப் பாட்டும் சும்மாத்தான் வே இருக்கும். நாளைக்குக் காலம்பற என் கூட வாரும். எண்ணூர் போற வழியில ஒரு குப்பத்துக்குப் புதுக் கயிறு குடுத்திருக்கேன். வலை இழுக்கையில அது எப்படி நிக்குன்னு பாக்கணும். நான் கயித்தப் பாக்கேன், நீரு பாட்டப் பாரும்."

வலை இழுக்கிற இடத்தில் பாட்டைப் பார்ப்பதாவது? எனக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் பாடுவார்.

இந்த இடத்தில் என்னுடைய பழைய வியாதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், தகரக் கொட்டகை ஒன்றில் நாடகம் பார்த்தேன். தரை டிக்கெட். எனக்கு முன்னால் ஜனங்கள், அதற்கும் முன்னால் ஜனங்கள், எங்கேயோ தூரத்தில் படுதா. மைக் என்ற பெயரே கேள்விப்படாத காலம். ராஜபார்ட் நடிகர் படுதாவுக்குப் பின்னால் இருந்தே முதல் அடியை எடுத்தார் பாருங்கள்... அந்தக் குரல் அத்தனை தலைகளையும் தாண்டி வந்து என் காதுக்குப் பக்கத்தில் நின்றது. பக்கத்தில் வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த ஆள் மெல்லுவதை நிறுத்திவிட்டார். எனக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. பயந்தே போனேன்.

அன்று பிடித்தது அந்த வியாதி. அதற்கப்புறம் எந்தப் பாட்டைக் கேட்டாலும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பார்ப்பேன். மயிர் நிற்கிறதா? நின்றால் சங்கீதம். இல்லாவிட்டால் சத்தம். உலக யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் கப்பலேறினான், ஊரே மாறிவிட்டது – என் அளவுகோல் மட்டும் மாறவில்லை. சமீபத்தில் மயிர் எதற்கும் நிற்கவுமில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜட்காவில் கிளம்பினோம்.

திருவொற்றியூர் தாண்டும்போது ஆலைச் சங்கு ஊதியது. சைக்கிளும் கால்நடையுமாகத் தொழிலாளிகள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் வாயில் ஒரே பாட்டு. சமீபத்தில் வந்த படத்துப் பாட்டு. பெயர் சொல்ல மாட்டேன், என் செலவில் அதற்கு விளம்பரம் எதற்கு? ஞானமுத்துவும் அதையே முனகிக்கொண்டு வந்தார். குதிரைகூட அந்தத் தாளத்துக்குத்தான் கால் வைக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

"இந்தப் பாட்டாலதான் வே இன்னைக்கு ஒரு வலை ரெண்டா வெட்டுப்படப் போவுது" என்றார் திடீரென்று.

"என்னது?"

அப்போதுதான் கதையைச் சொன்னார்.

அந்தக் குப்பத்தில் பெரிய கரைவலை ஒன்று இருக்கிறது. அதை வைத்திருந்த கிழவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலமானார். போகும்போது வலையைக் கூறு போடவில்லை. மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி, ஆனால் வலை ஒன்றாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மகள் கன்னியம்மா மூத்தவள். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ராயபுரம் வரை வந்து விற்கிறவள். மகன் தேவராஜ், அவளுக்குத் தம்பி. கன்னியம்மாவின் புருஷன் ஏகாம்பரம். ஆக, வலையை நடத்துகிறவர்கள் மாமனும் மைத்துனனும்.

கரைவலை எப்படி இழுப்பார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் படகு கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே போய், மறு நுனியைத் தூரத்தில் கரை சேர்க்கும். வடக்குக் கயிற்றை ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளும், தெற்குக் கயிற்றை இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் இழுத்துக்கொண்டே ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கி வரும். கடைசியில் நடுவில் இருக்கிற பை – மடி என்கிறார்கள் – மீனோடு கரையேறும்.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் இழுத்தால் வலை கோணிக்கொள்ளும். தொய்ந்த பக்கமாகப் பார்த்து மீன் வெளியே போய்விடும். மீனுக்கும் அந்த அளவுக்கு விவரம் உண்டு.

ஒரே சீராக இழுப்பதற்குத்தான் பாட்டு. வடக்குக் கயிற்றில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், தெற்குக் கயிற்றில் வாங்கிப் பாடுவார்கள். கிழவர் இருந்தவரை அவர் எடுத்தார். அவருக்குப் பின் மருமகன் ஏகாம்பரம் எடுத்தார். வார்த்தைக்கு வார்த்தை மாமனார் பாட்டு. ஓர் எழுத்துப் பிசகாது.

பெற்ற மகனுக்குத்தான் அது பிடிக்கவில்லை. தேவராஜ் டீக்கடை ரேடியோவுக்குக் கீழே நிற்கிற பையன். டூரிங் டாக்கீசில் படம் மாறினால் முதல் ஆள். அங்கே பிடித்த பாட்டை இங்கே கயிற்றில் கொண்டுவந்து கட்டினான். தெற்குக் கயிற்றில் எல்லாரும் அவன் வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கேட்கவா வேண்டும்?

"கூத்தாடிப் பாட்டு பாடியா வலை இழுக்கதுன்னு ஏகாம்பரம் கேட்டான். செத்த பாட்டப் பாடினா மட்டும் மீனு வந்துருமான்னு தேவராஜ் கேட்டுட்டான். இவனப் பெத்த அப்பன் பாட்டு வே அது. ஏகாம்பரத்துக்குத் தாங்குமா? அன்னைக்கோட பேச்சு நின்னுது. இப்ப வடக்க ஒரு பாட்டு, தெக்க ஒரு பாட்டு. வலை என்ன செய்யும், கோணிக்கிட்டுத்தான் வருது."

"சமாதானம் பண்ண ஆள் இல்லையா?"

"குப்பத்துத் தலைவரு, நாட்டார்னு சொல்லுவாங்க, அவரு பண்ணிப் பாத்தாச்சு. இன்னைக்கும் கோணலா வந்தா வலைய ரெண்டா வெட்டிப் பிரிச்சிக்கிடுங்கன்னு தீத்துச் சொல்லிட்டாரு. ரெண்டு ஆம்பளையும் சரின்னுட்டானுவ."

"பாதி வலையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?"

"பாதி வேட்டியக் கட்டிக்கிட்டு நீரு என்ன செய்வீரு? அதான்."

"அந்த அம்மா?"

"கன்னியம்மாவா? இந்தப் பக்கம் புருசன், அந்தப் பக்கம் தம்பி. அடுப்பே பத்த வைக்கலியாம்."

அதற்கப்புறம் அவர் முனகவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வலை இறங்கிவிட்டிருந்தது. கொஞ்சம் தூரத்தில் கடல் கறுத்துக் கிடந்தது. நெத்திலிக் கூட்டமாம். வாரக்கணக்கில் கண்ணில் படாத மீன் அன்றைக்குப் பார்த்து வந்திருக்கிறது. மேலே பறவைகள் கத்திக்கொண்டு வட்டமடித்தன. மணல்மேட்டில் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நாட்டார் ஒரு கவிழ்த்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். தீர்ப்புச் சொல்ல வந்தவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பெண்களில் கன்னியம்மா யார் என்று எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் வடக்கே ஒரு தரம், தெற்கே ஒரு தரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏகாம்பரம் பாட்டை எடுத்தார். தலையில் துண்டு, கட்டையான உடம்பு, அடிவயிற்றுக் குரல்.

"கெழக்கே வெளுக்குதடி –"

"ஏலேலோ" என்று வடக்குக் கயிறு பின்னால் சாய்ந்தது.

"கெட்டிமடி வருகுதடி –"

"ஐலசா" என்று இன்னொரு சாய்வு.

நல்ல பாட்டுத்தான். எனக்குப் பிடித்திருந்தது. பழசல்லவா? பாரபட்சமாகவே ரசித்தேன்.

அதே சமயத்தில் தெற்கே இருந்து கிளம்பியது – காலையில் சைக்கிள்காரர்கள் வாயில் கேட்ட அதே சினிமாப் பாட்டு. தேவராஜ் ஒல்லி. சுருட்டை முடி, நல்ல கணீரென்ற சாரீரம். பிள்ளைகள் துள்ளித் துள்ளி இழுத்தார்கள். ஏகாம்பரம் ஒரு தரம் இழுப்பதற்குள் அவர்கள் இரண்டு தரம் வெடுக் வெடுக்கென்று இழுத்தார்கள். கயிறு வேகமாக வந்தது. 'பரவாயில்லையே' என்று நான்கூட நினைத்தேன்.

ஆனால் சினிமாப் பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு அடி பாடியதும் பாடுகிறவர் வாயை மூடிக்கொள்வார். பிடில், கிளாரினெட், தபேலா எல்லாம் புகுந்து கொஞ்ச நேரம் விளாசித் தள்ளும். அப்புறம்தான் அடுத்த அடி. ரேடியோவில் சரி. கடற்கரையில் கிளாரினெட்டுக்கு எங்கே போவது?

அந்த இடம் வந்ததும் தெற்குக் கயிற்றுப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாயாலேயே கிளாரினெட் வாசித்தார்கள். ஒருவன் நாக்கால் தபேலா தட்டினான். இன்னொருவன் பிடில். சத்தியமாகச் சொல்கிறேன், அச்சு அசலாக இருந்தது. வாய் வேலையில் இருந்ததால் கை நின்றுவிட்டது. கயிறு தொய்ந்தது. வடக்கே ஏகாம்பரத்தின் ஆட்கள் தங்கள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடலில் வலையைத் தாங்கும் மிதவைக் கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்த வரிசை மெல்லத் திரும்பியது. வலை கோணிவிட்டது.

எனக்கு உள்ளூரக் குஷி. புதுப்பாட்டுக்கு எதிராக இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? அடுத்த வாரக் கட்டுரை மனசுக்குள் தயாராகிவிட்டது. தலைப்புகூட வைத்துவிட்டேன். அப்புறம் தற்செயலாகக் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தலைப்பு மறந்துபோயிற்று.

தெற்கு ஓரத்தில் வெள்ளிக் காசை வீசி எறிந்த மாதிரி மீன் துள்ள ஆரம்பித்தது. தப்பிக்கிற மீன். ஞானமுத்து, "போச்சு வே" என்றார். நாட்டார் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார். ஏகாம்பரம் தெற்கே பார்க்கவில்லை. தேவராஜ் வடக்கே பார்க்கவில்லை. இரண்டு பேரும் தொண்டை நரம்பு புடைக்க இன்னும் உரக்கப் பாடினார்கள். சத்தம் ஏற ஏற வலை இன்னும் கோணிற்று.

அப்போது கன்னியம்மா எழுந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். வலை கடலில் இருக்கும்போது பெண்கள் ஈர மணலை மிதிக்கக் கூடாது. கயிற்றைத் தொடக் கூடாது. இழுவைப் பாட்டை வாய்க்குள் முணுமுணுக்கவும் கூடாது. மீனை விற்கலாம், வலையைத் தைக்கலாம், அந்த ஒரு நேரம் மட்டும் மேட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் இருந்தவள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாமே பண்ற, ஒக்காரு, நாட்டாரு பாக்கறாரு."

கன்னியம்மா முந்தானையை விடுவித்துக்கொண்டாள். மேட்டிலிருந்து இறங்கினாள். ஈர மணலில் நடந்தாள். இரண்டு கூட்டத்துக்கும் நட்ட நடுவில், அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் போய் நின்றாள். கயிற்றைத் தொடவில்லை. கடலைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தாள்.

"கெழக்கே வெளுக்குதடி..."

மீன் விற்றுப் பழகிய தொண்டை. மூன்று தெரு தாண்டிக் கேட்கிற தொண்டை. ஆனால் என்னைத் தூக்கிப் போட்டது அது இல்லை. வார்த்தை அவள் அப்பாவின் வார்த்தை – மெட்டு அந்தச் சினிமாப் பாட்டு.

ரேடியோவில் துள்ளுகிற மெட்டு அது. அவள் வாயில் அது துள்ளவில்லை, நடந்தது. ஓர் ஆள் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்து நிமிர எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரத்துக்கு ஒவ்வோர் அடியையும் நீட்டினாள். நான் கோமாளித்தனம் என்று எழுதிய அந்த மெட்டுக்குள் இவ்வளவு இடம் இருந்ததா? இத்தனை துக்கம் அதற்குள் எங்கே இருந்தது? தினம் பத்துத் தரம் கேட்டேனே, என் காதுக்கு ஏன் அது தட்டுப்படவில்லை?

இரண்டு கூட்டமும் ஒரு கணம் பாட்டை நிறுத்திவிட்டது. அப்புறம் தெற்கே தேவராஜின் குரல் அவளோடு சேர்ந்துகொண்டது. மெட்டு அவனுடையது, விடுவானா? வடக்கே ஏகாம்பரத்தின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். வார்த்தை அவர்களுடையது, வாய் தானாக வந்துவிட்டது. அந்தக் கிளாரினெட் இடம் வந்ததும் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். கிளாரினெட்டுக்குப் பதில் வடக்கேயிருந்து "ஏலேலோ" வந்து அங்கே விழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழக்கம். அந்த "ஏலேலோ"வுக்குத் தெற்கும் சாய்ந்தது. அடுத்த இடத்தில் "ஐலசா". அதற்கும் சாய்ந்தது.

மிதவைக் கட்டைகள் திரும்பின. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கோணல் கொஞ்சம் கொஞ்சமாக நேராகிக்கொண்டு வருகிறது. பாட்டால் மழை பெய்தது, விளக்கு எரிந்தது என்றெல்லாம் சங்கீதப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுக் கொட்டாவி விட்டவன் நான். இதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் பிள்ளையின் பாட்டுக்குக் கடலில் ஒரு வலை நேராயிற்று.

அவள் அடுத்த அடியை எடுத்தாள்.

"அப்பன் வச்ச வலையிதடி..."

"ஏலேலோ."

"அறுந்திடாம இழுக்கணுண்டி..."

ஐலசா வடக்கே மட்டும்தான் வந்தது. தெற்கே தேவராஜ் இழுத்துக்கொண்டுதான் இருந்தான். தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இழுத்தான்.

ஞானமுத்து என் முழங்கையைப் பிடித்தார். "இந்த அடி கெழவன் பாட்டுல கெடையாது வே" என்றார். வருஷக்கணக்காக அந்தக் குப்பத்துக்குப் போய்வருகிறவர், அவருக்குத் தெரியும். அவள் அங்கேயே கட்டியது. கயிற்றைப் பார்க்க வந்த மனிதர், கயிறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டிருந்தார்.

சட்டைக் கையைச் சுருட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உடம்பு முழுவதும் என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகையில் பயந்துபோன பள்ளிக்கூடப் பையனை இனி எங்கே பார்க்கப் போகிறோம் என்று இருந்தேன். அவன் வந்து என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேருமாகத்தான் அழுதோம்.

மடி கரையேறியது. முதலில் தப்பியது தப்பியதுதான், ஆனால் மிச்சம் இருந்ததே கூடைகளுக்குப் போதும். கூட்டம் மொய்த்துக்கொண்டது. இருந்த சத்தத்தில் என்னைக் கவனிக்க ஆளில்லை. வசதியாகப் போயிற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் காலத்து நாடகப் பாட்டு என்று நாம் கும்பிடுகிறோமே, அதெல்லாம் என்ன? பாதிக்குமேல் பார்ஸி நாடகக் கம்பெனிக்காரன் கொண்டுவந்த மெட்டு. ஹிந்துஸ்தானி மெட்டில் நம் வாத்தியார்கள் தமிழ் வார்த்தையை உட்கார்த்திப் பாடினார்கள். பாட்டுப் புஸ்தகத்திலேயே 'இன்ன பார்ஸி மெட்டு' என்று போட்டிருக்கும். அன்றைக்கும் ஒரு கிழவர் எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு, 'நம்ம சங்கீதம் போச்சு, ஹார்மோனியப் பெட்டி வந்து கெடுத்துவிட்டது' என்று புலம்பியிருப்பார். பத்திரிகை கிடைத்திருந்தால் பத்தியும் எழுதியிருப்பார். அவர் எதைப் பற்றிப் புலம்பினாரோ, அதைக் கேட்டுத்தான் எனக்கு மயிர் குத்திட்டு நின்றது.

ஆகவே புதுச் சங்கீதம் பழசுக்கு ஈடா? எனக்குத் தெரியாது, ஐயா. ஒரு மாசத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் மேஜையைத் தட்டிப் பதில் சொல்லியிருப்பேன். இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாட்டில் என்ன இருக்கிறது என்பது யாராவது ஒருத்தர் அதை உயிர் போகிற அவசரத்தில் பாடும்போதுதான் வெளியே வருகிறது. பார்ஸி மெட்டுக்கு ஒரு ராஜபார்ட் கிடைத்தார். இந்த மெட்டுக்கு ஒரு மீன்காரி கிடைத்திருக்கிறாள். இரண்டையும் என் ஆயுசுக்குள் கேட்டுவிட்டேன் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருக்கிறது.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் கன்னியம்மாவிடம் போனேன். குந்தி உட்கார்ந்து மீனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பழைய வார்த்தையைப் புது மெட்டில் பாட வேண்டும் என்று எப்படித் தோன்றியது?"

நிமிர்ந்து பார்த்தாள். நான் யார் என்று விளங்கவில்லை போல. ஞானமுத்துவைப் பார்த்ததும் முகம் இளகியது.

"எனுக்கு இன்னா சாமி தெரியும்? இவன் மெட்ட வுட மாட்டேன்றான். அவுரு வார்த்தைய வுட மாட்டேன்றாரு. மீனு போய்கினே கீது. நா இன்னா பண்ணுவேன் சொல்லு."

"புதுப்பாட்டு உனக்குப் பிடிக்குமா?"

"யாருக்குப் புடிக்கும்? நாளுமுச்சூடும் பேஜாரு. ஆனா மெட்டு ஒட்டிக்கினா போவ மாட்டேன்து" என்றாள், ஒரு நெத்திலியைத் தூக்கிப் போட்டபடி.

அப்போது நாட்டார் வந்தார். ஒரு பெண்பிள்ளை ஈர மணலில் இறங்கிப் பாடியிருக்கிறாள். அது ஒரு குற்றம். வலை முதலில் கோணியது, அப்புறம் நேராக வந்தது. அதற்கு எந்தத் தீர்ப்பு? எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

நாட்டார் மீனைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னிக்கு காத்து ஜாஸ்தி" என்றார். "யாரு பாடுனா, இன்னா பாடுனான்னு என் காதுல ஒண்ணும் வுழுல."

காற்றா? ஒரு துளி காற்று இல்லை. என் மேல்துண்டுகூட அசையவில்லை.

"வல இன்னாபா ஆச்சு? வெட்டணுமா?" என்று கேட்டார்.

ஏகாம்பரம் வலையை மடித்துக்கொண்டிருந்தார். மறுபக்கத்தைத் தேவராஜ் பிடித்திருந்தான். வலையை ஒருவராக மடிக்க முடியாதே, எதிரும் புதிருமாக நின்றுதான் ஆக வேண்டும். மடிப்பு ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து, கடைசி மடிப்புக்கு இருவரும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மாசக்கணக்காகப் பேசாத வாய் அல்லவா?

"மச்சான்... நாளிக்கு இன்னா பாட்டு?"

தேவராஜ் வலையைப் பார்த்தபடியே சொன்னான். "என்னை ஏன் கேக்கற மாமா? அக்காவ கேளு."

ஏகாம்பரம் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, குப்பமே பார்க்க, மீன் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்று பெண்சாதியைக் கேட்டார்.

அவள் தலை நிமிரவில்லை. "காலைல சொல்றேன்" என்றாள்.